அடைப்புக்குறிக்குள் என் மாமனார்

வாகியின் பிளாஸ்டிக் ஸ்கேலுக்குப் பயப்படாதவர்கள் லாயே நகரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் இல்லை. அவன் மேசையைத் தாண்டாமல் எந்த ஆய்வேடும் தேர்வாளருக்குப் போகாது. இடது ஓரம் நாலு சென்டிமீட்டர் இருக்கிறதா, அட்டவணைத் தலைப்பு மேலே இருக்கிறதா, உள்ளே பேர் சொல்லப்பட்ட ஆசிரியர்கள் எல்லாரும் கடைசி நூற்பட்டியலில் இருக்கிறார்களா என்று விருந்து வீட்டு வாசலில் நின்று ஆள் எண்ணுகிறவன் மாதிரி பார்ப்பான். ஓரம் கொஞ்சம் குறைந்தாலும் "தைக்கும்போது எழுத்து உள்ள போயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான்.

என்னுடையதில் அவன் ஸ்கேலே வைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

"கேசியாக்கா, இது என்ன கூத்து? அடைப்புக்குறி இருக்கு, உள்ள ஒரு கோடு இருக்கு, அப்புறம் கமா, 1979. எழுதினது யாரு, பேயா?"

"பேயில்ல தம்பி, மனுஷன்தான். எங்க வீட்லதான் இருக்காரு."

"அப்ப பேரை எழுத வேண்டியதுதானே?"

"எப்படி எழுதறது? அவரு என் மாமனாரு."

வாகி தலைநகர் மோர்ஸ்பிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அவர்கள் பக்கம் இந்தக் கெடுபிடி கிடையாது. பாக்குக் கறை பல் எல்லாம் தெரியச் சிரித்தான். "ஏன், உங்க மாமனாரு பேரில்லாமலா பொறந்தாரு?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மலைப்பக்கத்தில் இதை வைத்து யாரும் சிரிக்க மாட்டார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. அவரும் என் பேரைச் சொல்ல மாட்டார். அவர் எனக்குப் பெரியவர், நான் அவருக்கு அந்தப் பொண்ணு. வாயால் சொன்னாலும் ஒன்றுதான், கையால் எழுதினாலும் ஒன்றுதான். இதற்காகவே கல்யாணத்துக்குப் பிறகும் என் அப்பா பேரையே பின்னால் வைத்துக்கொண்டேன். பேங்கில் புருஷனுடைய முழுப் பேர் கேட்டால், அதில் மாமனார் பேரும் வருவதால், பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் பேனாவைக் கொடுத்துவிடுவேன். தவறிச் சொல்லிவிட்டால் சொன்னவளுக்கும் கேட்டவருக்கும் தலைகுனிவு. ஊரைக் கூட்டிப் பன்றி வெட்டினால்தான் அது தீரும்.

ஆய்வேட்டில் அவர் பேர் வரவேண்டிய இடமெல்லாம் கோடு போட்டது அதனால்தான். என் ஆய்வு சேம்பில் வரும் இலைக்கருகல் நோயைப் பற்றியது. மழைக்காடு மாதிரி ஈரமான மலைச்சரிவில் எந்தச் சேம்பு தாங்கும், எது கருகும் என்று முதன்முதலில் பார்த்து எழுதினவர் அவர்தான். அப்போது அவர் அரசாங்க விவசாய உதவியாளர். அந்த அறிக்கை இல்லாவிட்டால் என் ஆய்வு இல்லை. என் புருஷன் எலியாஸ் சுரங்கத்திலிருந்து லீவில் வரும்போது கோடுகளை நிரப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார். மழையில் மலை சரிந்து ரோடு போய்விட்டது. அவர் அங்கே, நான் இங்கே.

"பேரில்லாம மேற்கோள் போட்டா விதிப்படி அது திருட்டு, அக்கா" என்றான் வாகி.

"யாரைப் பாத்துத் திருடிங்கற?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாகி கையெடுத்துக் கும்பிடாத குறை. "நான் சொல்லலைக்கா, விதி சொல்லுது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள பேரோட கொண்டு வாங்க. அதுக்கப்புறம் கடவுளே கொண்டு வந்தாலும் நான் வாங்கறதில்ல. உங்களுக்குக் கடைசி அவகாசம் அதோட முடியுது, பதிவு ரத்தாயிடும். வேணும்னா வீட்லேர்ந்து யாராவது வந்து எங்கிட்டப் பேரைச் சொல்லட்டும், நானே அடிச்சுத் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

நல்ல பையன்தான். சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே, விடுமுறையெல்லாம் சேற்றில் நின்று ஆறு வருஷம் உழைத்த உழைப்பு. ஒரு பேருக்காக அதைத் தண்ணீரில் விட எனக்கென்ன பைத்தியமா? ஆனாலும் மனசு ஒப்பவில்லை. என் வழிகாட்டி டாக்டர் கௌபாவைப் பார்க்கப் போனேன்.

அவர் சிம்பு மலைக்காரர், நிதானமான மனுஷன். முழுக்கக் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"டன்மோர்னு வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரரு, 1983. அதே ஊரு, அதே சேம்பு, அதே அளவுகள். கெட்டி அட்டை, எல்லா நூலகத்துலயும் இருக்கு. உன் மாமனாரோட அறிக்கை யாருக்கும் கிடைக்காத சைக்ளோஸ்டைல் தாள். கோடு இருக்கற இடத்துல எல்லாம் டன்மோரைப் போட்டுடு. பெரியவருக்கும் மரியாதை, வாகிக்கும் மரியாதை."

"அது சரியா வருமா சார்?"

"ஏன் வராது? அச்சுல இருக்கே!"

எனக்கும் அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொய் சொல்வானேன், தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் நூலகத்தில் உட்கார்ந்தேன், பக்க எண்களைக் குறிக்கலாம் என்று. முன்னுரை கண்ணில் பட்டது. டன்மோர் தன் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார். தன்னை மலைக்கு ஏற்றிப்போன ஹெலிகாப்டர் ஓட்டிக்குப் பேர் போட்டு நன்றி. முகாமில் துணைக்கு இருந்த தன் நாய்க்குப் பேர் போட்டு நன்றி. கடைசியில், "திறமையான உள்ளூர் உதவியாளர் ஒருவருக்கும்."

ஒருவருக்கும்! அந்த ஒருவர்தான் மூன்று வருஷம் அட்டைக்கடியோடு மலை ஏறி இறங்கினவர். "உன் மாமனாரு அப்ப சேம்போடதான் குடித்தனம் நடத்தினாரு, எங்கூட இல்ல" என்று மாமியார் இன்றைக்கும் புலம்புவார். டன்மோர் வந்தது இரண்டு தடவை, அதுவும் பறந்து. நாய்க்குப் பேர் உண்டு, அவருக்குக் கிடையாது. நூலகம் என்றும் பார்க்காமல் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

அடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. டன்மோர் அலட்சியத்தில் விட்டார், நான் மரியாதைக்காக விட்டேன். படிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்கு இரண்டு இடத்திலும் ஆள் இல்லை, அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்குப் பிறகு நானும் அவரை அதே மாதிரி துடைத்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாகியிடம் விட்டு அடிக்கச் சொல்லவும் இப்போது பிடிக்கவில்லை. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'இதில் உள்ளதெல்லாம் நானே எழுதியது' என்று கையெழுத்துப் போடுகிறேனே. எல்லாம் நான் எழுதுவேன், அவர் பேரை மட்டும் வேறு எவனோ வந்து ஒட்டிவிட்டுப் போவானாமா? முடியாது. நானே எழுதுவேன். பன்றி வெட்ட வேண்டுமா, வெட்டிவிட்டுப் போகிறேன். பின்கட்டில் காது கிழிந்த கறுப்புப் பன்றி ஒன்று கொழுகொழுவென்று நிற்கிறது. நான் வளர்த்தது.

வீட்டுக்குப் போனேன். பெரியவர் படிக்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் உட்காருவார். மாமியார் நடுவில் சர்க்கரைவள்ளி தோல் சீவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பெரியவரும் நானும் பேசுவதெல்லாம் மாமியார் வழியாகத்தான்.

"அத்தே, பெரியவர்கிட்டச் சொல்லுங்க. அவரு பேரை நான் தீசிஸ்ல எழுதப் போறேன்."

கத்தி நின்றது. "என்னடி சொன்ன?"

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்றார் பெரியவர், திரும்பாமல். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். காதும் நன்றாகவே கேட்கும்.

"உங்க பேரை எழுதப் போறாளாம். படிச்சுப் படிச்சு மூளை வெந்து போச்சு இவளுக்கு."

"வேணாம்னு சொல்லு."

"வேணாங்கறாரு."

"காதுல விழுந்துச்சு அத்தே. ஏன்னு கேளுங்க."

"ஏன்னு கேக்கறா. நீங்க ரெண்டு பேரும் நடுவுல என்னைப் போட்டு அரைக்கறீங்க!"

"சேம்பு நட்டேன், மழை அளந்தேன், சம்பளம் வாங்கினேன். பேரு போடுன்னு நான் யார்கிட்டயும் போய் நிக்கலைன்னு சொல்லு."

"டன்மோர் புஸ்தகத்துல அவரோட நாய் பேரு இருக்கு. அதைச் சொல்லுங்க அத்தே."

மாமியார் அதைச் சொல்லவில்லை. பிறகு பெரியவர் கேட்டார்: "எந்த நாயி?"

"பிஸ்கட்டுன்னு போட்டிருக்கு அத்தே."

"பிஸ்கட்டாம்" என்றார் மாமியார்.

"கடிநாயி அது" என்றார் பெரியவர். "முழங்காலுக்குக் கீழ இன்னும் தழும்பு இருக்கு."

மாமியார் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்தார். "வேணாம்னா வேணாந்தான்னு சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்.

வேண்டாமாம்! கடித்த நாய்க்கு இருக்கும் இடம் இவருக்கு வேண்டாமாம். நான் கேட்பதாக இல்லை.

மறுநாள் கணினி முன்னால் உட்கார்ந்தேன். எல்லாக் கோட்டையும் ஒரே தட்டில் மாற்ற வழி இருக்கிறது, எனக்கும் தெரியும். செய்யவில்லை. ஒவ்வொரு இடமாகப் போய் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். முதல் தடவை அடித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். நாலைந்து பக்கம் தாண்டியதும் எழுந்து போவதை விட்டுவிட்டேன். கடைசியில் நூற்பட்டியலில் பேர், வருஷம், அறிக்கையின் தலைப்பு, 'தட்டச்சுப் படி, அச்சிடப்படாதது' என்று எல்லாவற்றையும் முறைப்படி எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அவ்வளவு நிறைவாக எந்தப் புள்ளியையும் நான் வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை வாகி ஸ்கேல் வைத்தான். ஓரம் சரி, இடைவெளி சரி. "அட, பேரு வந்துடுச்சே!" என்று அதைச் சத்தமாகப் படித்தான்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். "வாயை மூடுடா! எழுதினதுக்கே ஒரு பன்னி போகப் போகுது."

"எனக்கும் ஒரு துண்டு அனுப்புங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினான்.

வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பெரியவர் நான் சமைத்ததைத் தொடவில்லை. மாமியார் தனி அடுப்பு மூட்டினார். யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு பன்றியை வெட்டிவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன். சொந்தக்காரர்கள் எல்லாம் தேர்வு மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள், படிப்பைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. பெரியவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அரசாங்க காலத்து வெள்ளைச் சட்டையும் நீளக் காலுறையும் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார்.

அவர் காதுபட, அத்தனை பேர் முன்னால், அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். பேர் திரையில் எழுத்தாக இருக்கும். நான் குச்சியால் காட்டி "இவர் சொல்கிறார்" என்பேன். நன்றாகத்தான் போனது. தேர்வாளர் டாக்டர் மெர்சர் குவீன்ஸ்லாந்திலிருந்து கணினி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் படம் போய்விட்டது, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. லாயேயில் மழை பெய்தால் அப்படித்தான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நாலாவது அட்டவணையைப் பாருங்க" என்றார் மெர்சர். "மூணு மாசத்து மழை அளவு ரொம்ப ஒழுங்கா இருக்கு. மழை இப்படியெல்லாம் சொல்லிவெச்ச மாதிரி பெய்யாதும்மா. இந்த எண்களை யாரோ கற்பனையில போட்டிருக்காங்க. யாரு? நீங்கன்னா அந்த அத்தியாயத்தையே திரும்ப எழுதணும்."

"நான் இல்லீங்க. இவரோட எண்கள்." குச்சியால் காட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை. வாயால சொல்லுங்க, பதிவு ஓடிட்டிருக்கு. யாரோட தப்பு?"

பேரைச் சொல்வது ஒரு குற்றம். பேரைச் சொல்லி, கூடவே அவர் தப்புச் செய்தார் என்று ஊர் முன்னால் சொல்வதென்றால் அதற்கு எத்தனை பன்றி வெட்டுவது? கௌபா என் பக்கம் குனிந்து, "டன்மோர்னு சொல்லிடு. அவர் புஸ்தகத்துலயும் இதே எண்கள்தான். தப்பிச்சுக்கலாம்" என்று கிசுகிசுத்தார். கடைசி வரிசையைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பின அந்த முகம் அசையவில்லை.

தப்பித்தால் அவருக்கு மறுபடியும் கோடுதான். நன்மைக்குப் பேர் போட்டுவிட்டுத் தப்புக்கு மட்டும் ஒளித்து வைத்தால் நான் எழுதியது மேற்கோளே இல்லை, வெறும் முகஸ்துதி. மூச்சை இழுத்துக்கொண்டேன்.

சொன்னேன். முழுப் பேரையும், அவர் அப்பா பேரையும் சேர்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. அந்த எண்கள் அவருடையவை" என்றேன்.

மாமியார் "ஐயோ!" என்று தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெரியவர் எழுந்து நின்றார். போகப் போகிறார், அவ்வளவுதான், இனி அந்த வீட்டில் எனக்கு முகம் கிடையாது என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பாமல் கணினியைப் பார்த்துப் பேசினார்.

"ஆமா, என்னோடதுதான். அந்த மூணு மாசம் மழை அளக்கற சாமானைப் பன்னி முட்டி உடைச்சிடுச்சு. புதுசு கேட்டு எழுதினேன், வரலை. முந்தின வருஷத்தைப் பாத்து உத்தேசமா நானே போட்டேன். தப்பு என்னுது. அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் எழுதியிருக்கு."

"டன்மோர் புத்தகத்துலயும் இதே எண்கள் இருக்கே?" என்றார் மெர்சர்.

"இருக்கும். அவரு பாத்து எழுதினது என் தாளை. பன்னி எங்க வீட்டுப் பன்னிதானே."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கௌபா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெர்சருடைய சிரிப்பும் அங்கிருந்து விட்டுவிட்டுக் கேட்டது. "மன்னிக்கணும், பேசறது யாருன்னு சொல்லலையே? பதிவுக்கு வேணும்."

பெரியவர் நிமிர்ந்து நின்று தன் பேரைத் தானே சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, தெளிவாக, கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சொன்னார். நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை.

"அட்டவணைக்குக் கீழ ஒரு குறிப்புப் போட்டுடுங்க" என்றார் மெர்சர். "மூலத்துல உள்ள பிழை, ஆசிரியரே சொன்னதுன்னு. மத்தபடி எல்லாம் சரியா இருக்கு. தேர்வு முடிஞ்சுது."

அன்று சாயங்காலம் கறுப்புப் பன்றியை வெட்டினோம். பெரியவர் முதல் துண்டை எடுத்துத் தின்றார். "உப்பு பத்தலைன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு" என்றார். மாமியார் சொல்லவில்லை, முறைத்தார். வாகிக்கு ஒரு பங்கு போயிற்று.

கட்டிய ஆய்வேடு வந்ததும் மாமியாரிடம் கொடுத்து அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அகரவரிசையில் விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நாய்க்காரன் எனக்குக் கீழயா இருக்கான்?"

"ஆமாங்கறா" என்றார் மாமியார், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே.

அவர் விரலை அங்கிருந்து ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

அவர் பேர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். வெட்டிய பன்றி அதுவரை சொன்னதற்குத்தான் ஆயிற்று, இனிச் சொன்னால் இன்னொன்று வெட்ட வேண்டும். தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நூலகத்துக்குப் போய்க் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், டன்மோருக்கு நேர் மேலே இருக்கிறார்.